நாற்பத்தோராம் கல்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்று, மேரியில் அந்த மாதம் என்ன பேசினார்கள், எங்கள் வட்டத்துக்கு என்ன வேலை வரப்போகிறது என்று வாசிப்பது என் வழக்கம். மேரி என்றால் நகரசபை. பிரெஞ்சுக்காரன் போய் எட்டு வருஷம் ஆகியும் வாயில் அந்தப் பெயர்தான் வருகிறது. மெம்பர் ஆன நாளிலிருந்து ஒரு மாதம் தவறியதில்லை. உட்கார்ந்து வாசித்ததும் இல்லை. மற்ற வட்டத்து மெம்பர்கள் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். நான் எழுதி எடுத்துப் போவேன். சொன்ன சொல் நாளைக்கு மாறக் கூடாது, என் அப்பா கோவிந்தசாமி பெயருக்கு என்னால் ஒரு சொல் வரக் கூடாது என்பதற்காக.

அறுபத்திரண்டாம் வருஷத்து ஆடி மாதம். அன்றைக்கு நான்கு விஷயங்கள் இருந்தன. மூன்று தண்ணீர்க் குழாய்கள். பள்ளிக்கூடத்துப் பின்புறச் சாக்கடைக்கு மூடி. தெருவுக்குத் தார் ரோடு. இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். நாலாவதை வாசித்தேன்.

"கதிர்காமம் போகிற திருப்பத்தில் ரோடு ஒடுங்கியிருக்கிறது. இருபத்தாறு அடி வேண்டிய இடத்தில் இருபத்தொன்றரை அடிதான் இருக்கிறது. தார் போடுவதற்கு முன்னால் அங்கே உள்ள குடிசை எடுக்கப்படும்."

குடிசை கன்னியம்மாளுடையது. வீராம்பட்டினத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், புருஷன் இல்லை, கருவாட்டுக் கூடையோடு நாலு தெரு சுற்றிப் பிழைப்பவள். அவள் கூட்டத்தின் பின்னால் கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"என் குடிசையை எடுத்தா ரோடு அகலமாயிடுமா மெம்பரே?"

"இன்ஜினியர் அளந்து எழுதியிருக்கார்மா."

"குடிசைக்கு நேர் எதிர்த்தாப்புல ஒரு மதில் நிக்குதே, அத்த அளந்தாரா? இல்ல, பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிட்டாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மதில் எங்களுடையது. சைக்கிள் கடைக் கலியமூர்த்தி சும்மா இருக்காமல், "அது மதிலு இல்ல கன்னிம்மா, கோட்டை. கோட்டைய எவனாவது அளப்பானா?" என்றான்.

எனக்குக் காது சுட்டது. அந்த மதிலும் அதன் இரண்டு தூண்களும் என் அப்பா எழுப்பியவை. வலது தூணில் அவர் பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருக்கிறது. கதிர்காமத்து நிலத்தில் ஏர் பிடித்த குடும்பம் ஊருக்குள் தலை நிமிர்ந்து நின்றது அந்த முகப்பால்தான். கல்யாணப் பத்திரிகையில் விலாசம் போடுகிறவர்கள்கூட 'பெரிய முகப்பு வீட்டுக்கு எதிரில்' என்றுதான் போடுவார்கள்.

"எங்கப்பா அடுத்தவன் மண்ணுல ஒரு சாண் எடுத்தவர் இல்ல" என்றேன். "இன்ஜினியர் மெட்ராஸ் பக்கத்துக்காரர், அடிக்கணக்கு போடுறவர். நம்ம ஊர்ப் படமெல்லாம் மீட்டர்ல இருக்கு. தப்பு இருந்தா அந்த அடிக்கோல்லதான் இருக்கும். நானே போய்ப் பழைய படத்தைப் பாத்துட்டு வரேன். படம் என் மதிலைக் காட்டுச்சுன்னா முதல் கடப்பாரை என் கையால விழும். உன் குடிசையைக் காட்டுச்சுன்னா?"

"நானே கூரையைப் பிரிச்சுத் தலையில வச்சுக்கினு வீராம்பட்டினம் போறேன்" என்றாள். "ஆனா படத்துல என்னா இருக்குதோ அத்த அப்படியே வந்து சொல்லணும். உங்களைத்தான் நம்புறேன். எனக்குப் படிக்கத் தெரியாது."

செவ்வாய்க்கிழமை நில அளவை அலுவலகத்துக்குப் போனேன். மீட்டர் என்ற ஒன்று வரப்போகிறது என்று மெட்ராஸ் பத்திரிகைகள் அப்போதுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தன. எங்கள் பாட்டன்மார் காலத்திலேயே வயலை மீட்டரில் அளந்தாயிற்று. அந்தப் பெருமையோடுதான் படியேறினேன்.

படங்களைக் காப்பவர் சிராஜுதீன். பிரெஞ்சுக் காலத்திலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கன்னியம்மாள் விஷயத்தைச் சொன்னதும், மேசையைத் துணியால் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தகரக் குழாயிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். நான்கு மூலையிலும் பித்தளைக் குண்டு வைத்தார்.

நான் படம் என்றால் நான்கு கோடு இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெரு அங்கே படுத்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய தெரு. துணி ஒட்டிய காகிதத்தில் ரோஜா வண்ணத்தில் ஓட்டு வீடுகள், வெளிர் மஞ்சளில் கூரை வீடுகள். எறும்புக் காலைப் போன்ற எழுத்து. கிணறு இருந்த இடத்திலெல்லாம் ஒரு நீலப் புள்ளி. எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணறு இருந்தது. அதை வெட்டியது யார் என்று என் தாத்தாவுக்கே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் ஒற்றைப் பனை ஒன்று புள்ளியும் கீற்றுமாக நின்றது. நான் பையனாக இருந்தபோது இடி விழுந்து கருகிய பனை. அதன் அடியில் நுங்கு தின்றிருக்கிறேன். யாரோ ஒருவன் அந்த வெயிலில் வந்து நின்று அதையும் பார்த்து எழுதியிருக்கிறான். குடிசைக்காரன் நிலத்துக்கு ஒரு கோடு, கோவிலுக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் ஒரே மை, ஒரே தடிமன். செருப்பை வெளியே விட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

"வரைஞ்சது யாரு?"

"பேரு இல்லை முசியே" என்றார்; ஐயா என்பது அவர் வாயில் இன்னும் பிரெஞ்சில்தான் வரும். "மூலையில வருஷம் மட்டும் இருக்கு. இந்த அறைக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. இதுல ஒரு கோடு பொய்யா நின்னு நான் பாத்ததில்ல."

தெருவின் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். எல்லைக் கற்கள் என்றார். திருப்பத்தில் ஒரு பக்கம் நாற்பது. கன்னியம்மாள் வாசலில் அந்தக் கல் இன்னும் நிற்கிறது, அவள் ஆடு கட்டும் கல். அதற்கு நேர் எதிரில் எங்கள் பக்கம் நாற்பத்தொன்று.

"எங்க பக்கம் கல்லே கிடையாதே" என்றேன்.

அவர் கவராயத்தை எடுத்தார். நாற்பதில் ஒரு முள், நாற்பத்தொன்றில் ஒரு முள். "எட்டு மீட்டர்." பிறகு நாற்பத்தொன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசற்படிக்கு. "அஞ்சு மீட்டரும் பத்து சென்டிமீட்டரும்."

வாசற்படியிலிருந்து மதிலுக்கு ஆறரை மீட்டர். என் வீடு, எனக்குத் தெரியாதா? அப்படியானால் மதில் ஒரு மீட்டர் நாற்பது தெருவுக்குள் நிற்கிறது. குடிசை தன் கல்லுக்கு உள்ளேயேதான் இருக்கிறது. அடிக்கோல் தப்புச் செய்யவில்லை. தப்பு எங்கே என்று மட்டும்தான் இன்ஜினியருக்குத் தெரியவில்லை.

சிராஜுதீன் என் முகத்தைப் பார்க்காமல் பித்தளைக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "இன்ஜினியருக்கு இப்படி ஒரு படம் இருக்கிறதே தெரியாது. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நீங்க கேட்டீங்க, காட்டினேன். கேக்காதவங்க முன்னால நானா கொண்டுபோய் விரிக்க மாட்டேன்."

நான் நன்றிகூடச் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் எனக்குள் ஒரு வாக்கியம் தயாராகிக்கொண்டே இருந்தது. 'படம் பழசு, அந்த இடத்தில் தெளிவில்லை.' ஐந்து சொல். இதைச் சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஐப்பசியில் என் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த இரண்டு தூணுக்கும் நடுவில்தான் வருவார்கள். தூணில் அப்பா பெயர் இருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி வெள்ளிகளில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மதிலுக்கு உட்புறம், வலது தூணிலிருந்து இரண்டு தப்படி தள்ளி, முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு மேடை இருக்கிறது. உருவம் கிடையாது, பெயர் கிடையாது. காவல் மேடை என்போம். அப்பா காலத்திலிருந்து அதற்கு வேப்பிலை வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் காட்டுகிறோம். வீட்டின் மூத்த ஆண்தான் காட்ட வேண்டும்.

என் மனைவி அமிர்தவல்லி தட்டோடு நின்றாள். நான் வாசற்படியிலிருந்து மேடைக்கு நடந்தேன். சின்ன வயதில் எண்ணி எண்ணி நடந்த தூரம். இப்போது ஏழே தப்படி. ஏழாவது தப்படியில் நின்றுவிட்டேன்.

ஐந்து மீட்டரும் பத்து சென்டிமீட்டரும்.

"என்னங்க, கற்பூரம் கரையுது."

"அமிர்தம், இந்த மேடைக்கு ஏன் உருவம் இல்ல?"

"இப்பவா கேப்பீங்க?" என்றவள் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தை ஒரு தடவை சொன்னாங்க. நீங்க கைக்குழந்தையா இருந்தப்ப, மதில் கட்டி முடிச்ச அன்னிக்கு மாமா சாப்பிடலையாம். மூணு நாள் வெறும் மோர்தானாம். நாலாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு இந்த மேடையைக் கட்டச் சொன்னாராம். 'இதுக்கு வருஷம் தவறாம செய்யுங்க, இது பாத்துக்கினே இருக்கு'ன்னாராம். என்னா சாமின்னு அத்தை கேட்டதுக்குப் பதிலே இல்லையாம்."

அப்பா போனபின் நாற்பது வருஷம். வருஷத்துக்கு நான்கு ஐந்து வெள்ளி. கன்னத்தில் போட்டுக்கொண்டு இதன் முன்னால் நின்றிருக்கிறேன். என் பிள்ளைகளை விழுந்து கும்பிடச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்தது பயமில்லை. பெரிய கோபுரத்தின் அடியில் நின்று மேலே பார்க்கும்போது ஒன்று வருமே, அது. கற்பூரத்தை ஏற்றினேன். எலுமிச்சம்பழத்தை மட்டும் அறுக்க முடியவில்லை.

நடந்ததை அமிர்தத்திடம் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள். "பொண்ணு பாக்க வரவங்க என்னா நினைப்பாங்க?" என்றாள். பிறகு அவளே, "மாமா மூணு நாள் பட்டினி கிடந்ததை நீங்க முப்பது வருஷம் கிடக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு அல்ல. ஆனாலும் ஆள் விட்டு எல்லாரையும் கூப்பிட்டேன், பள்ளிக்கூடத்துக்கு அல்ல, என் வாசலுக்கு. வெள்ளை வேட்டி, கோட்டு, தலைப்பாகை. காகிதத்தை விரித்து நின்று வாசித்தேன்.

"சென்ற கூட்டத்தில் வாசித்த நாலாவது விஷயம் தவறு. கன்னியம்மாளின் குடிசை தன் எல்லைக்குள் இருக்கிறது. என் தகப்பனார் கோவிந்தசாமி கட்டிய இந்த மதில் தெருவுக்குள் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் வந்திருக்கிறது. இதைத் தெரிந்தேதான் கட்டினார் என்று நினைக்கிறேன். இன்றைக்கு மதில் எடுக்கப்படும்."

கன்னியம்மாள்தான் முன்னால் வந்தாள். ஜெயித்தவள் முகம் இல்லை.

"வேணாம் மெம்பரே. பெரியவரு கட்டினது. நான் வேணா கூரையை ஒரு முழம் உள்ள இழுத்துக்கிறேன். வண்டி போயிடும்."

"உன் தயவு வேணாம்மா" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது. "படம் எட்டு மீட்டர் சொல்லுது. ஏழு சொல்லல."

"அப்பாடி! கோவத்தைப் பாரு" என்று பின்வாங்கினாள். "நல்லதுக்குச் சொன்னாலும் குத்தம்."

தலைப்பாகையைக் கழற்றி அமிர்தத்திடம் கொடுத்தேன். முதல் கடப்பாரையைத் தூணில் போட்டேன், அப்பா பெயருக்குக் கீழே. அறுபத்தைந்து வயதுக் கைக்கு நான்கு குத்துக்கு மேல் முடியவில்லை. பிறகு கலியமூர்த்தி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். மற்றவர்களும் சேர்ந்தார்கள். மதியத்துக்குள் மதில் போய் மேடை மட்டும் நின்றது. அதைத் தொட யாருக்கும் மனமில்லை. என்னையே பார்த்தார்கள்.

சுத்தியலும் உளியும் கேட்டு வாங்கி, கீழே உட்கார்ந்து, சுண்ணாம்பை நானே பெயர்த்தேன். உள்ளே செங்கல். ஒரு கல்லை உருவியதும் உள்ளே வெற்றிடம் தெரிந்தது. அப்பா மேடையை எல்லைக் கல்லின் மேல் பூசியிருக்கவில்லை. அதைச் சுற்றிக் கூடு கட்டியிருந்தார். சுண்ணாம்பு ஒரு துளி மேலே படாதபடி, நான்கு பக்கமும் கை நுழையும் இடம் விட்டு. கூட்டைப் பிரித்தபோது கருங்கல் நின்றது, நட்ட நாளில் நின்றது போல நெட்டுக்குத்தாக. தலையில் ஒரு கூட்டல் குறி. அதன் கீழே 41.

பிடுங்கி எறிந்திருக்கலாம். ஒரு ராத்திரி வேலைதான். எறியவில்லை. அவர் மறைத்தாரா, காத்தாரா? அங்கே குந்தியிருந்தபோது அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை எழவில்லை.

சிராஜுதீனுக்கும் சொல்லியனுப்பியிருந்தேன். அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. கையில் தகரக் குழாய், தோளில் நாடா. கன்னியம்மாள் ஓடிப்போய்த் தன் வாசல் கல்லிலிருந்து ஆட்டை அவிழ்த்தாள். நாடாவின் ஒரு முனையை அந்தக் கல்லின் கூட்டல் குறியில் அவளே பிடித்தாள். மறுமுனையைச் சிராஜுதீன் என் பக்கத்துக் கல்லுக்குக் கொண்டு வந்தார். நாடா தெருவின் குறுக்கே இழுபட்டு நின்றது. குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எட்டு" என்றார். "ஒரு நெல்லு கூடவும் இல்ல. ஒரு நெல்லு குறையவும் இல்ல."

யாரோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பெயர் தெரியாத எவனோ ஒருவன் நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட கோடு, ஒரு கருவாட்டுக்காரியின் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் அந்த வெயிலில் தெரிந்தது போலவே இருந்தது.

"அப்ப என் ஆடு இத்தினி நாளா சாமியிலயா கட்டிக் கிடந்துது?" என்றாள் கன்னியம்மாள். அப்போதுதான் எல்லாரும் மூச்சு விட்டுச் சிரித்தார்கள். என் வீட்டாரும் சிரித்தார்கள்.

பத்து நாளில் தார் வந்தது. புகை கக்கிக்கொண்டு ரோலர் வந்தது. நாற்பத்தோராம் கல்லின் விளிம்பை ஒட்டி அது போனபோது வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது, பரணில் இருந்த பாத்திரம் உருண்டது. கல் அசையவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். எல்லாரும் என்ன பார்வை பார்ப்பார்கள் என்று தெரியாமல்தான் போனேன். "கதிர்காமம் திருப்பம். அகலம் எட்டு மீட்டர். வேலை முடிந்தது" என்று வாசித்துக் காகிதத்தை மடித்தேன். "யாருக்காவது கேள்வி உண்டா?"

என் அப்பாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பின்னாலிருந்து கன்னியம்மாள் எழுந்தாள்.

"ரோடு போட்டீங்க, சரி. திருப்பத்துல ஒரு வெளக்குக் கம்பம் எப்ப போடப் போறீங்க மெம்பரே? எத்த வச்சாலும் அளந்து வைங்க."

நின்றபடியே எழுதிக்கொண்டேன்.