பாப்பா தனியாகப் போகிறாள்

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது.

பெயின்ட் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பெயின்டைத் தகட்டில் பூசி, திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராகக் காய்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஜன்னலுக்கு வெளியே எடை மேடை. சரக்கு ஏற்றிய லாரிகள் வெளியே போகும்முன் அதில் ஏறி நிற்கும். அன்று ஓர் ஓட்டுநர், ரசீது வரும்வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைபேசியில் பேசினார்.

"நாளைக்கு உன் பக்கம் வரும்டா. பச்சை சைக்கிள். பாத்துக்க. ஆனா நீ பாக்கறது அதுக்குத் தெரியக் கூடாது."

ரசீது வந்தது. லாரி போய்விட்டது.

அவர் 'அது' என்ற விதத்தில் ஒரு தங்கை இருந்தாள். அவ்வளவு தெரிந்தது. தலையை வெளியே நீட்டி, "யாருங்க அது, எங்க போறாங்க?" என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ஆள் இல்லை. கேன்டீனில் உப்பு வேண்டுமென்றால்கூட, பக்கத்தில் இருப்பவர் போட்டுவிட்டுக் கீழே வைக்கும்வரை காத்திருப்பேன். கேட்கத் தெரிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

*பனி விலகாத மலைப்பாதையில், தன் நிழலை மட்டுமே துணையாகக் கொண்டு ஒரு பச்சை சைக்கிள்*

இங்கேயே நிறுத்திவிட்டேன். பனி விலகாதபோது நிழல் விழாது.

இரண்டாவது:

*அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி. வாழ்நாளெல்லாம் பிறரைக் கண்காணித்தே பழகியவளை இப்போது*

இதுவும் வேண்டாம். முதல் சோதனையிலேயே எல்லாப் புள்ளிகளும் நேர்கோட்டில் விழுந்தால் கருவியைச் சந்தேகப்படு என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தச் செவிலி அப்படி விழுந்தாள்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். அவள் பல்செட் செய்பவள்.

பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றுவாள். மெழுகில் ஈறு செய்வாள், பல் பல்லாகப் பதிப்பாள், பிறகு தேய்த்து மெருகேற்றுவாள். அந்தப் பற்களின் சொந்தக்காரர்களை அவள் பார்த்ததே இல்லை. தெருவில் யாராவது சிரித்தால் முகத்தை விட்டுவிட்டுப் பல்லைத்தான் பார்ப்பாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் லாரி ஓட்டுகிறார். அண்ணியும் பிள்ளைகளும் வீடு நிறைய. குளியலறையைத் தவிர எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக் கதவையும் யாராவது தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

அவளை வீட்டில் எல்லாரும் 'பாப்பா' என்பார்கள். அண்ணன் பிள்ளைகளுக்குக்கூட அவள் பாப்பா அத்தை.

"எங்க போற?" என்றார் அண்ணன்.

"மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, கடலோரமாப் போய்ட்டு வரேன்."

"யார்கூட?"

"சைக்கிள்கூட."

"அதுக்குத்தான் பஸ் ஓடுதே!" என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து.

"தினமும் சாயங்காலம் ஒரு போன் பண்ணிடு பாப்பா."

"பண்ண மாட்டேண்ணா. திரும்பி வந்து சொல்றேன்."

அண்ணன் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பம்பை எடுத்துவந்து இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்துக் கொடுத்தார்.

(எதற்கும் பத்து வார்த்தை பேசுகிறவர் பேசாமல் இருந்தார். அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். அவள் கிளம்பும் மகிழ்ச்சியில் இருந்தாள். நானும்தான்.)

3

மலை அவளை நன்றாகவே நடத்தியது.

ஏற்றத்தில் மிகச் சிறிய கியருக்குப் போய், நடப்பதைவிடக் கொஞ்சம் வேகமாக, மூச்சை எண்ணெயூற்றுவதுபோல [இது என்ன உவமை? எடுத்துவிட வேண்டும்] நிதானமாக விட்டுக்கொண்டு ஏறினாள். முட்டி வலித்தபோது இறங்கித் தள்ளினாள். வளைவுகளில் லாரிகள் அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டன. பனி இறங்கிய ஒரு மதியம், சாலையின் விளிம்பே தெரியாத இடத்தில், ஒரு லாரி அவளுக்குப் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது. பனி விலகியதும் முந்திக்கொண்டு போய்விட்டது. இருட்டும் நேரத்தில் அவள் போய்ச் சேர்ந்த டீக்கடை மூடாமல் இருந்தது. "உள்ள ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு, தாழ்ப்பாள் நல்லா இருக்கு" என்றாள் கடைக்காரி.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கட்டிலில் குறுக்காகப் படுத்து, தன் துணிச்சலை நினைத்துச் சிரித்தாள். உலகம் இவ்வளவு நல்லதா! வீட்டில் எல்லாரும் பயமுறுத்தியதெல்லாம் வெறும் பேச்சு. துணிந்து ஒருத்தி கிளம்பினால் போதும், மலையே ஒதுங்கி வழிவிடும்.

இந்தப் பத்தியை எழுதியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

4

கணவாயின் உச்சியில் ஒரு டயர் கடை. கீழே இறங்கும்முன் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றாள். கடைக்காரர் அவளைவிட இளையவர். கை துடைத்துக்கொண்டே வந்து, பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், திருகாணியை முடுக்கினார்.

"இறக்கம் பெருசு. ஒரே பிரேக்கப் பிடிச்சுட்டே போகாதீங்க பாப்பா, சூடாயிடும். விட்டு விட்டுப் பிடிங்க."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். பாதி மாட்டிய கை அப்படியே நின்றது.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"விட்டு விட்டுப் பிடிங்கன்னு…"

"அதுக்கு முன்னாடி."

கடைக்காரர் பக்கத்தில் கிடந்த டயரை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான் யாருகிட்டயும் அந்தப் பேரச் சொல்லலையே," என்றாள்.

"உங்க நிஜப் பேரு எங்களுக்குத் தெரியாதுங்க. எல்லாரும் பாப்பா வருது, பாப்பா வருதுன்னுதான் சொன்னாங்க. நான் சின்னப் பொண்ணுன்னு நினைச்சுட்டேன்."

"எல்லாரும்னா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரால் சாலையைக் காட்டினார். கீழேயிருந்து உச்சிவரை, வந்த வழி முழுவதையும்.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஒதுங்கிய லாரிகள். பனியில் பின்னால் வந்த விளக்கு. மூடாத டீக்கடை. அந்தத் தாழ்ப்பாள்கூட.

(ஒரு பெண் மலையுச்சியில் நிற்கும்போது காற்று, மேகம், பள்ளத்தாக்கு எல்லாம் வர்ணிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் எதையும் பார்க்கவில்லை. அதனால் எழுதவில்லை.)

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லு பாப்பா! நல்லா இருக்கியா? எங்க இருக்க?"

"எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் எஞ்சின் அணைந்தது.

"எவன் சொன்னான்?"

"உன் ஆளுங்க நல்லவங்கதான். ஒருத்தருக்கு வாய்தான் நிக்கல."

"நான் வரலையே பாப்பா. நான் பாட்டுக்கு இங்க சரக்கு ஏத்திட்டு இருக்கேன். நாலு பேருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சேன், அவ்வளவுதான்."

"இந்த மலைய ஏறினது நானா, நீ சொல்லி வச்ச நாலு பேரா?"

"இதென்ன கேள்வி? கால் யாரோடது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்ப."

"ஆமா, வேணாம்பேன்."

"அதான் சொல்லல."

அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் முழுங்கிக்கொண்டாள்.

"அண்ணா, நான் பயந்தவளா இல்லையான்னு எனக்கே தெரியாது. எப்பவும் எனக்கு முன்னாடி வேற யாராவது பயந்துடறீங்க. என் முறை வரவே மாட்டேங்குது. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."



"சாப்டியா?" என்றார் அண்ணன்.

5

இதுவரை எழுதியதைப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை செய்யும் மூத்த அக்காவிடம் கொடுத்தேன். அவர் தகடு காயும் நேரத்தில் படித்தார்.

"அண்ணன் பண்ணதுல என்னடி தப்பு? வழியில ஏதாவது ஆகிப்போனா?"

"தப்புன்னு நான் எழுதலையே."

"அவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறாளே! எனக்கெல்லாம் பின்னாடி விளக்குப் போட்டுட்டு வர ஒருத்தர் இருந்தா, நான் இமயமலையே ஏறுவேன்."

நான் அண்ணனை மறுபடி வாசித்தேன். ஒரு வரியில்கூட அவரைக் கெட்டவராக்க முடியவில்லை. அக்கா சொன்னதும் சரி. பாப்பா சொன்னதும் சரி. எனக்குப் பழகிய கணக்குகளில் இப்படி இரண்டு விடை வந்தால் எங்கோ ஒரு குறி மாறியிருக்கும். தேடிப் பார்த்தேன். எங்கும் மாறவில்லை.

6

மலை முடிந்து, தரை சமமாகி, காற்றில் உப்பு வந்தது. சாலை கடலை எட்டும் இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் நெடுஞ்சாலை, லாரி மேல் லாரி. இடப்பக்கம் கொஞ்ச தூரம் தார், பிறகு மணல்மேடும் தாழம்புதரும். அதற்குப் பிறகு ஓர் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். நீர் வற்றும் நேரம் பார்த்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். வீடு இல்லை, கடை இல்லை, கைபேசிக்கு சிக்னல் இல்லை.

அண்ணனுக்கு அவளே கூப்பிட்டுச் சொன்னாள்.

"இடப்பக்கமா? அங்க நமக்கு ஆளே இல்லையே பாப்பா!"

"அதுக்காகத்தான் போறேன்."

இங்கே கதையை முடிக்க வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) முகத்துவாரத்தில் நீர் ஏறிவிடுகிறது. சைக்கிள் அடித்துக்கொண்டு போகிறது. மணலில் முட்டி போட்டு அமர்ந்திருப்பவளை, நெடுஞ்சாலையிலிருந்து தேடிவந்த ஒரு லாரி ஓட்டுநர் கண்டுபிடிக்கிறார். மூத்த அக்காவுக்குப் பிடித்த முடிவு. ஆனால் ஆசைப்பட்டதற்காக ஒருத்தியை ஆற்றில் தள்ளிவிட என் கை வரவில்லை.

ஆ) மறுகரையில் ஏறுகிறாள். நண்டுகள் ஓடுகின்றன, சூரியன் உதிக்கிறது, இரண்டு கையையும் விரித்து அவள் பெரிதாகச் சி

இது விளம்பரம்.

இ) கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு வலப்பக்கம் திரும்புகிறாள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. பெரும்பாலும் நடக்கக்கூடியது இதுதான். எழுதிவிட்டு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மூன்றிலும் அவளுக்குப் பின்னால் நான் போயிருக்கிறேன். அவள் முட்டி வலித்தது எனக்குத் தெரியும். பூட்டிய அறையில் அவள் குறுக்காகப் படுத்ததும், முழுங்கிய அழுகையும் தெரியும். அண்ணன் வைத்த ஆட்களுக்குக்கூட அந்த அறைக்குள் வர அனுமதி இல்லை. நான் போனேன். உங்களையும் கூட்டிக்கொண்டு போனேன். 'பாப்பா தனியாகப் போகிறாள்' என்று தலைப்பு எழுதிய நிமிடமே அது பொய்யாகிவிட்டது.*

7

தார் முடியும் இடம். சைக்கிளைச் சாய்த்து வைத்து, மணலில் புதையாமல் இருக்க இரண்டு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றை இறக்குகிறாள். அமுக்கிப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் இறக்குகிறாள். பைகளின் வாரை இறுக்குகிறாள். நிமிர்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள்.

சாலையில் யாரும் இல்லை. பார்வை அங்கிருந்து நகரவில்லை. அவள் பார்ப்பது நம்மைத்தான்.

நான் இங்கேயே நின்றுவிடுகிறேன். இதற்கு அப்புறம் அவளுக்குப் பயம் வருமா, ஆற்றில் நீர் எவ்வளவு, மறுகரையில் என்ன இருக்கிறது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. அண்ணன் இதைத்தான் பட்டிருப்பார்.

நீங்கள் போவதானால் போகலாம். தடுக்க நான் யார்? மணலில் சக்கரத் தடம் தெளிவாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். பின்னால் வருகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வேண்டாம் என்பாள்.

---

* எழுத்தில் இதற்கு வேறு வழி உண்டா என்று யோசித்தேன். யாரும் பார்க்காத ஒன்றை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவது ஒன்றுதான் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் அது இவ்வளவு நாள் எனக்காக இருந்தது. முதல் தடவையாக இன்னொருத்திக்காக இருக்கப் பார்க்கிறேன்.