ரவுட்டரில் தம்பியின் பெயர்

2008இல், வெள்ளவத்தையிலிருந்த எங்கள் அலுவலகத்தில், ஒரு லினக்ஸ் கணினிக்குள் மென்பொருளாலேயே ஆன மெய்நிகர் கணினியொன்றை ஓட்டினேன். தம்பி குகரூபனின் பெயரை அதற்கு வைத்திருந்தேன். அதுவரை தாய்க்கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைந்திருந்த அதற்கு, பொலிஸ் சோதனை வந்த நாள் காலையில்தான் வலையமைப்போடு நேரே இணைக்கும் பிரிட்ஜ் போட்டேன். உடனே தனி முகவரியோடு, இணைந்திருக்கும் கணினிகளைக் காட்டும் ரவுட்டர் பட்டியலில் பெயர் ஏறியது.

பத்து மணிக்குச் சோதனைக்கு வந்த பொலிஸ்காரன் என் திரையிலிருந்த அந்தப் பட்டியலை, அங்கிருக்கும் தமிழர்களைப் பொலிசில் பதிந்த படிவத்தோடு ஒப்பிட்டான்.

“குகரூபன் பதிவில இல்ல. எங்க ஒளிச்சிருக்கு?” என்றான் அரைகுறைத் தமிழில்.

“ஆளில்லை சேர், கம்பியூட்டருக்கு வைச்ச பேர்.”

முட்டாள், வேறு பெயரா கிடைக்கவில்லை எனக்கு?

“பேருக்கு ஆள் இருக்கும்தானே. அவன் எங்க?”

போர் நடந்த வன்னிக்குப் போய்த் தகவலே இல்லாத தம்பியைப் பற்றி எட்டு மாதமாக நான் எல்லோரிடமும் கேட்டுத் திரிந்த கேள்வி அது.