அடித்தவன் கொண்டுபோன பாட்டு

குத்துச்சண்டைக்காரனின் தலையில் பலமாக ஓர் அடி விழுந்தால், அவனிடமிருந்து ஒரு பாட்டு கழன்று அடித்தவனிடம் போய்விடும். ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சிலருக்குப் பல் போகிறது, இவனுக்குப் பாட்டு போகிறது, அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் சண்டை, மற்ற நாள்களில் ரயிலடி ஓட்டலில் அக்கார்டியனோடு பாட்டு என்று அவன் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவனை வீழ்த்திய பூட்டுக்கடைக்காரன் ஒருவன் மறுநாளே சாவி ராவிக்கொண்டு சோகப்பாட்டு பாடத் தொடங்கி, கடையை மூடிவிட்டுக் கச்சேரிக்காரனாகிப் போனான். போன பாட்டுக்குப் பதில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ள இளமையில் குத்துச்சண்டைக்காரனால் முடிந்தது. வயது ஏற ஏற வாங்கும் அடி கூடியது, பாட்டுக் கட்டுவது நின்றது. ஓட்டலில் பாதிப் பாட்டில் திறந்த வாயோடு நிற்பான். விரல்கள் மட்டும் கட்டைகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

தையல்காரியான அவன் மனைவி, "போதுங்க, விட்டுடுங்க" என்று கெஞ்சாத நாளில்லை. "மேடை ஏறலைன்னா கை அரிக்குது. இந்த ஒண்ணோட நிறுத்திடறேன்" என்பான். அப்போது அவனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பாட்டு. ஓட்டல் திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தவளைப் பார்த்து, அவள் உதட்டில் கவ்வியிருந்த ஊசியையும் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலையும் வைத்து அவன் கட்டியது. அதைக் கேட்டுத்தான் அவள் வீட்டை எதிர்த்துக்கொண்டு அவனோடு வந்தாள்.

கடைசிச் சண்டையில், ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த இடதுகைக்காரன் ஒருவன் அவனைத் தாடையில் அடித்துச் சாய்த்தான். நடுவர் கையை உயர்த்திப் பிடித்திருக்கும்போதே ஜெயித்தவன் வாயிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. கூட்டம் கைதட்டியது. கூட்டத்துக்கு நடுவே அவள், நடுத்தெருவில் துணி அவிழ்ந்துபோனவள்போல் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் இடதுகைக்காரன் வீடு தேடி வந்தான். "வேணும்னு எடுக்கலக்கா. ஐஸ் உடைக்கும்போதும் வருது, தூக்கத்துலயும் வருது. அடுத்தவங்க வீட்டுச் சங்கதியைக் கேட்ட மாதிரி கூசுது." நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நீட்டினான். "அடிங்கண்ணே. திரும்பி வந்தாலும் வரும்."

அவள் கணவனின் விரல்களைத் தானே மடக்கி விட்டாள். அவன் கையை ஓங்கினான். இடதுகைக்காரன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்ததும் அந்தப் பாட்டையே. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி அவன் கன்னத்தைத் தடவியது.

"பாடுற வாயைப் போய் யாராவது அடிப்பாங்களா?"

அதிலிருந்து ஞாயிறுதோறும் இடதுகைக்காரன் வந்து பாடினான். குத்துச்சண்டைக்காரன் தலையாட்டிக் கேட்பான், அவள் தைத்துக்கொண்டிருப்பாள். நாளடைவில் பக்கத்து வீட்டுக்காரர்களும் நாற்காலியோடு வரத் தொடங்கினார்கள். ஒருநாள் குத்துச்சண்டைக்காரன் தன் மனைவியிடம் கேட்டான்.

"யாருக்காகக் கட்டினதாம் இது?"

"யாரோ ஒரு தையல்காரிக்காம்."

"குடுத்து வச்சவ."

"ஆமாங்க" என்றாள். இடதுகைக்காரன் அதை இன்னொரு தடவை பாடினான்.