மேக்குக்குள் ஒரு விண்டோஸ்

வேலைக்கான ஆன்லைன் தேர்வு விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று மேடவாக்கம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. விஷ்ணுப்ரியா வேலையை விட்டு ஆறு வருடம். இத்தனை நாள் போட்ட விண்ணப்பங்களில் பதில் வந்தது இதற்கு மட்டும்தான். பழைய பதவி இல்லை, கீழிருந்து தொடங்க வேண்டும். அவளுக்கு அது போதும்.

வீட்டில் இருந்தது கணவன் ஷ்யாம்சுந்தரின் ஆப்பிள் மேக் ஒன்றுதான். அவளுடைய விண்டோஸ் லேப்டாப் பெருங்களத்தூரில் அவன் அக்கா காமுவின் வீட்டில் இருந்தது. காமுவின் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது, இங்கே சும்மாதானே கிடக்கிறது என்று ஷ்யாம் எடுத்துக் கொடுத்திருந்தான்.

“ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வரலாம்,” என்றாள். இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் பக்கம்தான்.

“அக்காவுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நல்லாவா இருக்கும்?”

“திருப்பி இல்லைங்க. ஒரு நாளைக்கு.”

“மேக்குக்குள்ளயே விண்டோஸ் போட்டுத் தரேன். கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர். உனக்கு வித்தியாசமே தெரியாது.”

அதற்கு எந்த மென்பொருள் என்று முடிவு செய்ய அவனுக்கு ஒரு வாரம் ஆனது. சந்தோஷமான வாரம். சாப்பிடும்போதும் அதே பேச்சு. விண்டோஸில் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் போதும் என்றான். லினக்ஸ் என்றால் கேவிஎம். மேக்குக்குப் பேரலல்ஸ் சுகம், ஆனால் வருடா வருடம் சந்தா. யூடிஎம் இலவசம். அலுவலக நண்பன் பத்ரியிடம் ஸ்பீக்கரில் போட்டு யோசனை கேட்டான்.

“மாமியார் வீட்டுக்குள்ளயே தனிக்குடித்தனம் வைக்கிற மாதிரிடா மச்சான்,” என்றான் பத்ரி. “அடுப்பு வேற, பாத்திரம் வேற. கரண்ட்டை மட்டும் மாமியார் எப்ப வேணா நிறுத்தலாம்.”

ஷ்யாம் விழுந்து விழுந்து சிரித்தான். விஷ்ணுப்ரியா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

யூடிஎம் என்று முடிவாயிற்று. பதினாறு ஜிபி மெமரியில் அவளுக்கு நான்கு ஒதுக்கினான்.

“எட்டு குடுங்களேன். நடுவுல நின்னுட்டா?”

“என் ஆபீஸ் வேலையும் இதுலதானே ஓடணும்? நாலு தாராளம்.”

மாதிரித் தேர்வு ஓடியது. கேமரா, மைக் எல்லாம் சரி.

“பாத்தியா?” என்றான்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை காலை. மகளை மாடி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். நேரில் போவதுபோல இஸ்திரி போட்ட சுடிதாரில் உட்கார்ந்து இணைப்பைத் திறந்தாள். திரையில் அவள் முகம் வந்தது. பிறகு ஒரு சிவப்புப் பட்டை. இது கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி, இதில் தேர்வு எழுத அனுமதி இல்லை, கால் மணி நேரத்துக்குள் வேறு கணினியில் நுழையாவிட்டால் வாய்ப்பு ரத்து.

“மாதிரியில இது வரலையே,” என்றான் ஷ்யாம். “இரு, செட்டிங்ஸ்ல மறைக்க வழி இருக்கும்.”

“மறைச்சு மாட்டினா பேர் கெட்டுடும். விடுங்க.”

அவன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அவள் காமுவை அழைத்தாள்.

“அந்த லேப்டாப்பா? பரண் மேல கிடக்கு ப்ரியா. அவன் போன வருஷமே புதுசு வாங்கிட்டான். நீங்க கேக்கவே இல்லையா, வேண்டாம் போலன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனே.”

ஊருக்குப் போகிறவர்களின் வண்டிகள் ஜிஎஸ்டி ரோட்டில் நகரவில்லை. ஹாரன் சத்தம் ஹால் வரை கேட்டது. போய் எடுத்து வர நேரமில்லை. சிவப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்ததும் அதுவும் போய்விட்டது.

“வேற கம்பெனி கூப்பிடாமலா போகும்?” என்றான் ஷ்யாம். கொஞ்சம் பொறுத்து, “இந்த விண்டோஸ் நாப்பது ஜிபி அடைச்சுக்கிட்டிருக்கு. எடுத்துடட்டுமா?” என்று கேட்டான்.

“எடுத்துடுங்க.”

எடுத்தான். அவள் செருப்பை மாட்டினாள்.

“எங்க?”

“காமுக்கா வீட்டுக்கு.”

“இப்ப எதுக்கு? டெஸ்ட்தான் போயிடுச்சே.”

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். படியில் இறங்கும்போது மேலே அவன் போனில் பேசுவது கேட்டது.

“அக்கா, ப்ரியா அங்க வர்றா. நான் அனுப்பல. நீ தப்பா எடுத்துக்காத.”