மூன்று மணி வரைக்கும்

இடது கையால் கணவரின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் போனைக் காதில் வைத்திருந்தாள் மங்களாம்பிகை. சென்னையிலிருந்து மகன் செந்தில்குமார் பேசிக்கொண்டிருந்தான். அப்பா இறந்துபோனார் என்றதும் முதல் இரண்டு நிமிடம் அழுதான். அதற்குப் பிறகு மணி கேட்டான்.

“ஒம்பது நாப்பதுப்பா. கடியாரத்தப் பாத்தேன்.”

“யாருக்காவது சொல்லிட்டீங்களாம்மா?”

“ஒனக்குத்தான் மொதல்ல சொல்றேன்.”

“இப்போதைக்கு யாருக்கும் சொல்லாதீங்க. மூணு மணி வரைக்கும் மட்டும்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினான். “நம்ம கம்பெனியில பணம் போட்டவங்க மூணு மணிக்குள்ள கேட்டாங்கன்னா இன்னைக்கு வெலைக்கே பணத்தத் திருப்பிக் குடுத்தாகணும்மா. அப்பா இல்லன்னு தெரிஞ்சா அத்தன பேரும் ஒண்ணா ஓடிவருவாங்க. மூணு தாண்டிட்டா போதும். நாளைக்கு லீவு, அப்புறம் சனி, ஞாயிறு. அதுக்குள்ள நிதானத்துக்கு வந்துருவாங்க. கெட்ட சேதிய மூணு மணிக்கு மேலதான் சொல்லணும்னு அப்பாவே சொல்லுவாங்கல்ல?”

சொல்வார்தான். நூறு தடவை சொல்லியிருப்பார். தன் சேதிக்கும் அது பொருந்தும் என்று நினைத்துச் சொன்னாரா என்பதுதான் தெரியவில்லை.

“பகல் நர்ஸை வரவேணாம்னு நானே சொல்லிடறேன். டாக்டர் மூணரைக்கு மேல வருவாரு. நான் இப்பவே கார்ல கெளம்பிட்டேன்மா” என்று வைத்துவிட்டான்.

அவள் கணவர் தங்கையன் பேராவூரணிக்குப் பக்கத்தில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்க்காரர். சம்பா அறுப்பு முடிந்து கையில் காசு புழங்குகிற மாதங்களில், ஒரு மொபெட்டில் ஊர் ஊராகப் போய், நெல் விற்ற காசைப் பீரோவில் பூட்டிவைக்காதீர்கள் என்று மணிக்கணக்கில் பேசி முதலீட்டுப் பத்திரம் விற்றவர். பிற்பாடு சென்னையில், ஊரார் பணத்தை வாங்கிப் பங்குச்சந்தையில் போட்டு வளர்க்கிற சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். அதற்குத் ‘தலைமடை’ என்று பேர் வைத்தார். கடைமடைக்காரருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். ஆனால் ஆசை பலித்தது. நாலு லட்சம் பேர் அவரை நம்பிப் பணம் போட்டார்கள்.

உலகத்துச் சந்தையெல்லாம் குப்புற விழுந்த வருடம், மூன்று நாள் அவர் பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சார் வெளியே போயிருக்கிறார், நன்றாக இருக்கிறார், ஒன்றும் பயமில்லை என்று மங்களாம்பிகைதான் அத்தனை பேருக்கும் பதில் சொன்னாள். கம்பெனி பிழைத்துக்கொண்டது. பொறுமைதான் தன்னைக் காப்பாற்றியது என்று மனுஷர் மேடையில் பேசினார். அந்தப் பொறுமைக்காகப் பொய் சொன்னவள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள்.

உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் ஊரில் கட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். நாற்பத்தாறு வருடத்தில் அவர் அவளுக்கென்று கிடைத்தது இந்த அறையில், இந்த எட்டு மாதம்தான்.

அவள் ஏசியை இன்னும் குறைத்து வைத்தாள். இறந்தவர் வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துத் துணி கட்ட வேண்டும். கால் கட்டைவிரல்களையும் கட்ட வேண்டும். கட்டினால் எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். கை மரத்தபோது மறு கைக்கு மாற்றினாள். அழ வேண்டும்போல இருந்தது. அழுதால் சத்தம் கேட்கும். வீட்டுக்குப் பின்னால் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது கொஞ்சம் அழலாமா என்று பார்த்தாள். அது வரப்பு முனையில் நின்று நின்று திரும்பியதில் அந்த அழுகையும் அடைபட்டுப்போனது.

பதினோரு மணிக்கு அடுத்த வீட்டு அம்சவல்லி பால் கொண்டுவந்தாள். தங்கையனுக்குத் தங்கை முறை. மகள் கல்யாணத்துக்கென்று பத்து வருடமாக மாதாமாதம் தலைமடையில்தான் போட்டு வருகிறாள். மங்களாம்பிகை எழுந்து போய் அறைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணன் எப்புடி இருக்காங்க அண்ணி?”

“தூங்குறாங்க.”

“ராத்திரி வலி இருந்துச்சா?”

“இப்ப இல்ல.”

“நல்லாத் தூங்கட்டும். ஒங்க மொகந்தான் வாடிக் கெடக்கு. நான் வேணும்னா கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கவா?”

“வேணாம் அம்சவல்லி. நீ போயி வேலயப் பாரு.”

அம்சவல்லி பால் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். அவளை உள்ளே கூப்பிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று மங்களாம்பிகைக்குத் தோன்றியது. திரும்பி வந்து பார்த்தபோது அவருடைய வாய் லேசாகத் திறந்திருந்தது. மறுபடியும் சேர்த்துப் பிடித்தாள். மதியத்துக்கு மேல் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே அப்படி நின்றுவிட்டது.

மூன்று அடித்து ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. “இப்ப சொல்லலாம்மா” என்றான் செந்தில்குமார். “டாக்டர் வந்து மூணு நாப்பதுன்னு எழுதிக் குடுப்பாரு. கம்பெனி அறிக்கையிலயும் அதான். யாரு கேட்டாலும் அதயே சொல்லுங்க.”

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும், நாலு மணிக்கு அவள் வேலியோரம் போய் நின்று, “அம்சவல்லி, அண்ணன் போயிட்டாங்க” என்றாள். கதறல் அவளிடமிருந்து வரவில்லை, அம்சவல்லியிடமிருந்துதான் வந்தது.

அரைமணியில் வீடு நிறைந்தது. உடலைக் கூடத்தில் கிடத்தினார்கள். அம்சவல்லிதான் வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடையைக் கட்டக் குனிந்தாள். வாய் ஏற்கனவே இறுகிப்போயிருந்தது. கால் விரல்களைச் சேர்க்கப் பார்த்தாள், அவை வளைந்து கொடுக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பிய கை அது. அவள் நிமிர்ந்து ஒருமுறை மங்களாம்பிகையைப் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டி முடித்தாள்.

செந்தில்குமார் வந்து அப்பா காலில் விழுந்து அழுதான். பொய் அழுகை இல்லை. அவன் எழுந்ததும், பங்காளிகளில் மூத்தவரான வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

“உசுரு போன நேரம் என்னப்பா?”

“மூணு நாப்பது பெரியப்பா.”

வைத்திலிங்கம் விரலை ஓட்டினார். முகம் மாறியது. “மதியம் ஒண்ணேகாலுக்கே அவிட்டம் பொறந்துருச்சே. அவிட்டத்துல போனா அடைப்புப்பா. போன ரூமை ஆறு மாசம் பூட்டி வைக்கணும். யாரும் உள்ள போகக்கூடாது. வாசல்ல தெனம் வெளக்கு மட்டும் ஏத்தணும்.”

“செஞ்சுடலாம் பெரியப்பா” என்றான் செந்தில்குமார் உடனே. “அம்மாவ நான் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

மங்களாம்பிகை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அலுப்பாக இருந்தது. எட்டு மாதம் கிடைத்த அந்த அறையைப் பூட்டப் போகிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. மூன்று நாற்பது வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார் என்றால், அவள் கையில் அவர் குளிர்ந்துகொண்டே போன நேரம் எங்கே போயிற்று? அதை யாரிடம் சொல்லி அழுவது?

“பக்கத்துல இருந்தது நீதானேம்மா மங்களம்?” என்று கேட்டார் வைத்திலிங்கம். “நேரம் அதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

மகன் அவளையே பார்த்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தலைமடையில் பணம் போட்டவர்கள்.

“காலையில ஒம்பது நாப்பது.”

“அம்மா ஏதோ பதட்டத்துல சொல்றாங்க பெரியப்பா.”

“பதட்டம் இல்ல. என் கையிலதான் போனாங்க. ஒம்பது நாப்பது.”

வைத்திலிங்கம் மகனையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பஞ்சாங்கத்துக்குத் திரும்பினார். “திருவோணம். அடைப்பு இல்ல” என்று சொல்லி மூடினார்.

செந்தில்குமாரின் போன் அடித்தது. கட் செய்தான். மறுபடி அடித்தது. அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். கூடத்தில் குசுகுசுப்பு கிளம்பியது. ஓரத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

அம்சவல்லி அவள் அருகே வந்து குனிந்தாள்.

“அண்ணி, நான் பாலு கொண்டாந்தப்ப அண்ணன் இல்லியா?”

“இல்ல.”

அடுத்தது பணத்தைப் பற்றித்தான் கேட்பாள் என்று மங்களாம்பிகை காத்திருந்தாள். கேட்க அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

“அப்ப அவ்ளோ நேரமும் நீங்க தனியாவா உக்காந்திருந்தீங்க?”

மங்களாம்பிகை பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.