கையெழுத்து சுருங்கிய பதிவாளர்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் பதிவாளர் பெரிய மனிதராக மாற ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதற்கு முன் அவர் நம்மைப் போல ஒரு ஆள்தான். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார். அவர் சிரித்தால் பக்கத்து அறையில் வேலை நின்றுவிடும். கோபம் வந்தால் தொண்டை கிழியக் கத்துவார். ஐந்து நிமிடம் கழித்துத் திட்டு வாங்கியவனையே கூப்பிட்டுத் தேநீர் வாங்கிக் கொடுப்பார். இப்படிப்பட்டவருக்கு அலுவலகத்தில் மரியாதை எங்கிருந்து வரும்?

பிறகு மெல்ல மெல்ல மாறினார். முதலில் முகத்தில் சலனம் அடங்கியது. விடுப்புக் கேட்டு வருகிறவர்கள் அந்த முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஆமாம் என்றும் இருக்காது, இல்லை என்றும் இருக்காது. அரை நிமிடம் நின்றுவிட்டு, "பரவாயில்லீங்க ஐயா, அடுத்த மாசம் பாத்துக்கறேன்" என்று தாங்களாகவே திரும்பிவிடுவார்கள். அடுத்து குரல் இறங்கியது. அவர் முணுமுணுப்பதைக் கேட்கப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்கள். நடையும் நிதானப்பட்டது. வலது கையை வீசாமல், ரகசியக் கோப்பு ஒன்றை இடுக்கியிருப்பவர்போல உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு நடந்தார்.

"பக்குவம்னா இதுதான்யா. முன்னாடி எப்படிக் குதிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு!" என்று புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொன்னார் தலைமை எழுத்தர்.

மேலிடத்துக்கும் சேதி போயிற்று. 'கண்ணியமும் நிதானமும் நிறைந்த நடத்தை' என்று ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. பதிவாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். தனக்குள் ஏதோ ஆழம் கூடிக்கொண்டு போவதாக அவரும் நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

அவருடைய மனைவி நம்பவில்லை.

"நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படி முறைக்கறீங்க?" என்றாள் ஒருநாள்.

"நான் எங்க முறைச்சேன்?"

"என்ன? வாய்க்குள்ளயே பேசினா எப்படிங்க?"

அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மூக்கு எதையும் சொல்லவில்லை. வலது தோள் வலிக்கிறது என்று எலும்பு மருத்துவரிடம் போனார். தோள் இறுகிவிட்டது என்று சொல்லி நான்கு மாதம் சுவரில் விரலை ஊர்ந்து ஏறவைத்தார் அந்த மருத்துவர். சுவரில் அழுக்குத் தடம் விழுந்ததுதான் மிச்சம்.

மகள் தன் கைக்குழந்தையோடு வந்திருந்தபோதுதான் அவருக்கே முதல் முறையாகச் சுருக்கென்றது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். வாயெல்லாம் பல்லாகச் சிரித்ததாக அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மகள் கைபேசியை நீட்டினாள். படத்தில் இருந்தவர் குழந்தைக்கு இறப்புச் சான்றிதழ் வழங்கப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். குழந்தை அந்த முகத்தையே பார்த்துப் பார்த்து, பதில் ஒன்றும் வராததால், உதட்டைப் பிதுக்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா, பாப்பாவைத் தூக்குறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்கப்பா" என்றாள் மகள்.

"சிரிச்சேனேம்மா!" என்றார் அவர். அது அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து நாற்பது சான்றிதழ்கள் திரும்பி வந்தன. 'பதிவாளரின் கையொப்பம் மாதிரிக் கையொப்பத்துடன் பொருந்தவில்லை' என்று குறிப்பு. கையெழுத்துப் பொருந்தவில்லை என்று ஆயிரம் பேரின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஆவணக் காப்பாளரை அறைக்கு வரவழைத்தார். அதிகம் பேசாத பெண்மணி அவர். பழைய பதிவேடுகளோடு பழகிப் பழகி ஆட்களையும் பதிவேடுபோலப் படிக்கக் கற்றவர்.

"யாரோ என் கையெழுத்தைப் போட்டிருக்காங்க" என்றார் பதிவாளர்.

அந்தம்மா நான்கு பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாகத் திறந்துவைத்தார். முதல் ஆண்டுக் கையெழுத்து பாதி வரியை அடைத்துக்கொண்டு கொடிபோலப் படர்ந்திருந்தது. அடுத்த ஆண்டு அதில் பாதி. அதற்கடுத்த ஆண்டு கட்டைவிரல் நகம் அளவு. போன மாதத்தது, தாளில் எறும்பு ஒன்று நசுங்கிக் கிடந்ததுபோல இருந்தது.

"எல்லாம் நீங்க போட்டதுதான் ஐயா. கையெழுத்து மாறலை. சுருங்கிக்கிட்டே வந்திருக்கு. என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. நீங்க ஒரு நரம்பு டாக்டரைப் பாத்துடுங்க."

பதிவாளருக்கு வந்ததே கோபம்! மேலதிகாரியின் உடல்நிலை பற்றி அத்துமீறிப் பேசியதற்கு விளக்கம் கேட்டு அந்தம்மாவுக்கு ஒரு குறிப்பாணை தயாரிக்கச் சொன்னார். தலைமை எழுத்தர் அடித்துக் கொண்டுவந்து வைத்தார். பதிவாளர் பேனாவை எடுத்து, இந்தத் தடவை பெரிதாகவே போடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்திட்டார். முதல் எழுத்து மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து, கடைசி எழுத்து புள்ளியாகிவிட்டது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறிப்பாணையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வர்றியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

நரம்பியல் மருத்துவர் அவர் மகள் வயதுப் பெண். அவர் எந்த இயந்திரத்தையும் தொடவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை நாலு தட்டிலேயே சோர்ந்து, விரல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. நடைக்கூடத்தில் நடந்துவிட்டு வரச் சொன்னார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். கடைசியாக ஒரு தாளைக் கொடுத்து, "ஏதாவது ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதுங்க" என்றார்.

கைக்குப் பழகிய வாக்கியமே வந்தது. 'மேற்படி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது' என்று எட்டு முறை எழுதினார். எட்டாவது நிராகரிப்பு படிக்கவே முடியாமல் நூலாக நீண்டு கிடந்தது.

"எவ்வளவு நாளா முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார் மருத்துவர்.

"பதிவாளராப் பதவி உயர்வு வந்ததிலிருந்துங்க" என்றாள் மனைவி.

பதிவாளர் குறுக்கிட்டார். "டாக்டர், அது என் சுபாவம். நான் கொஞ்சம் நிதானமான ஆளு. ஆபீஸ்ல பாராட்டுக் கடிதமே குடுத்திருக்காங்க."

"நிதானம் வந்தா ரெண்டு பக்கமும் வரணுமே சார்? உங்களுக்கு வலது பக்கம் மட்டும் வந்திருக்கு" என்றார் மருத்துவர். சிரிக்காமல்தான் சொன்னார். "இது பார்க்கின்சன் நோய். மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்கு. அசைவுகளுக்கு எண்ணெய் போடுற மாதிரின்னு வெச்சுக்கங்க. அது குறைஞ்சுடுச்சு. முகம், குரல், நடை, கையெழுத்து, தோள்வலி, வாசனை தெரியாமப் போனது, எல்லாம் ஒரே கணக்குத்தான்."

"கை நடுங்கவே இல்லையே!"

"எல்லாருக்கும் நடுங்காது. அதனாலதான் பல பேருக்கு லேட்டாத் தெரியுது. முழுசா குணமாக்க முடியாது சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை நல்லா கேக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி போடணும். தினமும் கையை வீசி நடக்கணும். சத்தம் போட்டுப் படிக்கணும். நேரம் தவறக் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது."

வெளியே வந்ததும் மனைவி நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருஷமா எம்மேல வெறுப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். பதிவாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் காட்ட முடியாததைக் கை காட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

மாத்திரை கேட்டது. இரண்டு மாதத்தில் தோள் இளகியது, கால் எழும்பியது, முகம் திறந்துகொண்டது. அலுவலகத்துக்குத்தான் சனி பிடித்தது. பதிவாளர் கையை வீசிக்கொண்டு வராந்தாவில் நடந்தார். குரல் பயிற்சிக்காகக் காலையில் கோப்புகளை உரக்கப் படித்தார். ரகசிய அறிக்கைகள் உட்பட எல்லாம் வாசலில் நின்றவர்கள்வரை போய்ச் சேர்ந்தன. விடுப்புக் கேட்டால் உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்லிவிட்டார். ஆழ்ந்த சிந்தனையில் கிடப்பதாக எல்லோரும் நம்பியிருந்த இருநூறு கோப்புகள், உண்மையில் பக்கம் புரட்டக் கை வராமல் கிடந்தவை என்பதும் வெளியே வந்தது. ஒரே மாதத்தில் அவற்றை முடித்து அனுப்பிவிட்டார். தலைமை எழுத்தருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாரு! மருந்து குடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று புலம்பினார்.

ஒன்றரை ஆண்டு இப்படிப் போயிற்று. அப்போது மாவட்டப் பதிவாளர் பதவி காலியானது. ஆணையரே நேரில் வந்து ஆளைப் பார்ப்பதாக ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் தலைமை எழுத்தர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆணையர் அந்தப் பாராட்டுக் கடிதத்துல இருக்கிற ஆளைப் பாக்கத்தான் வர்றாரு. நாளைக்கு ஒரு வேளை மட்டும் அந்த மாத்திரையைத் தள்ளிப் போட்டீங்கன்னா..."

"போய்யா வெளியே!" என்று கத்தினார் பதிவாளர். ஆனால் சொல் உள்ளே தங்கிவிட்டது. மறுநாள் காலை மனைவி கொடுத்த மாத்திரையை வாயில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஆணையர் வந்தபோது பதிவாளர் கல்லாகச் சமைந்திருந்தார். ஆணையர் பேசினார், இவர் கேட்டார். ஆணையர் நகைச்சுவையாக ஒன்று சொன்னார். இவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆணையருக்கே தன்மீது வெட்கம் வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன ஒரு ஆளுமை!" என்று தலைமை எழுத்தரிடம் கிசுகிசுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் உள்ளே வந்தாள். மகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்திருந்தது. பள்ளியில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். திருத்தி அடித்த சான்றிதழ் கையெழுத்துக்காகப் பதிவாளர் மேசைமேலேயே இருந்தது. உட்காரும்மா, இதோ ஆச்சு என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னார். உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. பேனாவை எடுக்கப் போன கை பாதி வழியில் நின்றது. அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். உயர் அதிகாரி இருக்கும்போது நுழைந்ததற்காக உயிரோடு எரிக்கப் போகிறார் என்றே நினைத்திருப்பாள்.

"மன்னிச்சுடுங்க ஐயா, தெரியாம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பையை அணைத்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

ஆணையர் பாராட்டும் பாவனையில் தலையசைத்தார். பதிவாளருக்கு நெஞ்சு எரிந்தது. மரத்துப்போன விரல்களால் சட்டைப் பையைத் துழாவி மாத்திரையை எடுத்து, ஆணையர் குடிக்கவிருந்த தண்ணீரை இழுத்து விழுங்கினார். பிறகு அந்த மூவரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் போனது. ஆணையர் அதையும் ஆளுமை என்றே எடுத்துக்கொண்டார். கை இளகியதும் பதிவாளர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "உக்காருங்க சார், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கினார்.

மணிக்கு ஒரு பேருந்து ஓடும் தடம் என்பதால் அவள் இன்னும் பேருந்து நிறுத்தத்தில்தான் நின்றிருந்தாள். பேருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று கடை தள்ளி நின்று, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, "பேரு திருத்த வந்த அம்மா!" என்று கத்தினார் பதிவாளர். தெரு முழுக்கத் திரும்பியது. அவளும் திரும்பினாள். மேலே ஜன்னலில் ஆணையரின் தலை தெரிந்தது.

மாவட்டப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் கொடுத்திருந்த மருத்துவச் சான்றிதழைப் பரிசீலித்ததில், குறிப்பிட்ட காலத்தில் காணப்பட்ட கண்ணியமும் நிதானமும் நோயின் விளைவே என்று தெரியவருவதால், முன்பு வழங்கிய பாராட்டு திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதியிருந்தது. 'பெற்றுக்கொண்டேன்' என்று அதன் அடியில் எழுதினார் பதிவாளர். கையெழுத்து முன்போலப் படரவில்லைதான். ஆனாலும் படிக்க முடிந்தது.