யாருடைய மூத்திரம்?

எங்கள் சலவை ஆலையில் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பேர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கிற இடம் அது. எனக்கு ஈர மெஷின் பக்கம் வேலை. தண்ணீர் குடித்த விரிப்புகளை அள்ளித் தள்ளுவண்டியில் போட வேண்டும். பிணக்கனம் கனக்கும். போன வருடம் அந்த மெஷின் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று கலைந்து போனது. அன்றைக்கும் அவர், வேலை ஏன் நிற்கிறது என்று விசில்தான் ஊதினார்.

அதனால் இந்தத் தடவை நாள் தள்ளிப் போனதுமே அவரிடம் போய் நின்றேன்.

"சார், என்னை மடிக்கிற மேசைக்கு மாத்துங்க. நாள் தள்ளியிருக்கு. போன தடவை மாதிரி ஆயிடக்கூடாது."

"மேசையில உக்கார ஆளுக்கொரு கதை வச்சிருக்கீங்க. வாயால சொன்னா ஆச்சா? டெஸ்ட் எடு."

கடைக்கு ஆள் அனுப்பி, கர்ப்பம் பார்க்கிற குச்சி ஒன்றும் வாங்கிவிட்டார். மத்தியான நேரம். உடம்பில் இருந்ததெல்லாம் வேர்வையாகப் போயிருந்தது, மூத்திரம் வரவில்லை. "குடி, குடி" என்று பாட்டில் பாட்டிலாக நீட்டினார், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற மாதிரி. குடித்தேன். வந்தது, குழாய்த் தண்ணீர் போல. குச்சியில் ஒற்றைக் கோடு விழுந்தது.

அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "ஒரு கோடு. ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். குச்சி பொய் சொல்லாது, மனுஷங்கதான் சொல்லுவாங்க. போ மெஷினுக்கு."

என் வயிற்றைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பெரிய ஞானி.

எங்கள் வீட்டு ஞானி அதற்கும் ஒரு படி மேல். "குச்சியே இல்லைன்னுடுச்சே, அப்புறம் என்ன?" என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கட்டினவள் சொன்னால் காதில் ஏறாது. பிளாஸ்டிக் சொன்னால் வேதம்.

தெருமுனை மருந்துக்கடைப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தே விட்டாள்.

"நாள் தள்ளின உடனே பார்த்தா, இருந்தாலும் காட்டாம போகலாம்க்கா. அதுலயும் இவ்வளவு தண்ணியா? பால்ல குளத்தையே கலந்துட்டு பால் எங்கன்னு தேடுற மாதிரி இருக்கு. காலைல எழுந்ததும் முதல்ல போறதுல பாருங்க. டப்பால போட்டிருக்கிற நேரத்துக்குள்ள பார்த்துடணும், காய்ஞ்சப்புறம் தெரியற கோட்டை நம்பாதீங்க. இல்லைன்னு வந்தா நாலு நாள் விட்டு இன்னொரு தடவை பாருங்க. இருக்குன்னு வந்தா பெரும்பாலும் இருக்குதான். எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அவளிடமே இன்னொரு குச்சி வாங்கி வந்து, விடிந்ததும் பார்த்தேன். ஒரு கோடு அழுத்தமாக, இன்னொன்று மங்கலாக. மங்கலாக இருந்தால் என்ன, கோடு கோடுதான். வீட்டு ஞானி எட்டிப் பார்த்து, "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். என்னத்தை நினைத்தாரோ.

ஆலைக்குப் போய்க் குச்சியை நீட்டினேன். நேற்று பொய்யே சொல்லாத குச்சி இன்றைக்கு விசில் கையில் திருட்டுப் பயலாகிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட மூத்திரம்?"

மெஷின் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்டது.

"என்னுதுதான் சார்."

"நேத்து இல்லாதது ஒரு ராத்திரியில முளைச்சிடுச்சா? இங்கதான் எவளோ மாசமா இருக்கிறவ குடுத்திருக்கா. என்கிட்டயேவா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மூஞ்சிக்குக் கோபம் தண்டம்.

"சரி, அப்படியே வச்சுக்குங்க. அப்போ மாசமா இருக்கிற ஒருத்தி இங்க சுமை தூக்கிட்டிருக்கா. அவளைக் கண்டுபிடிச்சு மேசையில உக்கார வைங்க. எனக்குப் பதிலா அவ உக்காந்தாலும் சந்தோஷம்தான்."

விசில் ஒவ்வொருத்தி வயிறாகப் பார்க்க ஆரம்பித்தார். அதற்குள் இஸ்திரி போடுகிற பெரியக்கா, பேரன் பேத்தி எடுத்தவள், துணியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சார் குடுத்தேன்."

"எத்தனாவது மாசம்க்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதை சார்தான் சொல்லணும். எல்லார் வயிறும் அவருக்குத்தானே தெரியும்!"

"பொய் சார், அது என்னுது" என்றாள் உலர்த்துகிறவள். "ஐயோ, என்னுது!" என்றாள் வண்டி தள்ளுகிறவள். வரிசையாக எல்லோரும் மாசமானார்கள். துணி ஏற்ற வந்த லாரி டிரைவர்கூட, "சந்தேகம்னா என்னையும் சேர்த்துக்குங்க சார்" என்றார்.

விசில் குச்சியை என் கையில் திணித்தார். "போய்த் தொலை. மடி. நாளைக்கு டாக்டர் சீட்டு வந்தாகணும்."

"வரும் சார். அது யாரோட டாக்டர்னு கேக்காம இருந்தா சரி."

போய் உட்கார்ந்தேன். ஈர மெஷின் நின்று, துணி கதவு வரைக்கும் பிதுங்கிக்கொண்டிருந்தது. லாரி வேறு காத்திருந்தது. அள்ளுவதற்கு ஆள் தேடி அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. எல்லோரும்தான் மாசமாச்சே. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, முதல் விரிப்பை அவரே இழுத்தார்.